சோக் போட்டால் ஓடும், எடுத்தால் அணையும்

மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் நின்ற என் பழைய ஸ்கூட்டர், சோக் (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லிவர்) போட்டால் ஸ்டார்ட் ஆகும், எடுத்ததும் அணைந்துவிடும். பிளக்கில் பொறி நன்றாக வந்தது, அதனால் பெட்ரோல் பக்கம்தான் சந்தேகம். கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வரும் பெட்ரோல் டியூபைக் கழற்றினால் சொட்டுகூட இல்லை. உடனே அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம், பல ஸ்கூட்டர்களில் இருப்பது வேக்கம் காக் என்ற பெட்ரோல் வால்வு, இன்ஜின் சுற்றினால்தான் திறக்கும். கிக்கரை மிதித்ததும் வந்தது.

சரி, அடுத்து கார்புரேட்டர். அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன், கீழே தண்ணீர் தனியாகத் தங்கியது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம் கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலைக் கழற்றி பைலட் ஜெட்டை (இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பாகம்) வெளிச்சத்தில் பார்த்தால் ஓட்டையே தெரியவில்லை, முழுக்க மஞ்சள் பிசின். கிளீனர் ஸ்ப்ரே அடித்து, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகத் தள்ளி எடுத்தேன் (ஊசி விடாதீர்கள், ஓட்டை பெரிதானால் மைலேஜ் போச்சு). டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலையும் இறக்கிவிட்டு, இன்ஜின் சூடானபின் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சரியாக வைத்தேன். விரைத்துப்போயிருந்த டியூபை மாற்றியதோடு வேலை முடிந்தது.