தக திமி தெரிந்தால் ஸ்ட்ரம்மிங் பாதி வந்தாச்சு

கிட்டார் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். நாலைந்து கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க வரும். ஆனால் வாசித்தால் பாட்டு மாதிரியே இருக்காது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறை பெரும்பாலும் கார்ட் பிடிக்கும் இடது கையில் இல்லை, ஸ்ட்ரம்மிங் செய்யும், அதாவது கம்பிகளை மேலும் கீழும் வருடும் வலது கையில்தான்.

நானும் அங்கே நின்றவன்தான். சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) முடித்த கையோடு, சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். இணையத்தில் பார்த்த அம்புக்குறிகளை, "கீழே, கீழே மேலே, மேலே கீழே மேலே" என்று தொலைபேசி எண் மாதிரி மனப்பாடம் செய்தேன். கை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அம்புக்குறி சொல்கிறது. எப்போது போகவேண்டும் என்று சொல்வதில்லை. அந்த "எப்போது" எனக்குப் பிடிபட்டது தங்கச்சியால். கூடத்தில் அவள் "தக திமி தக ஜணு" என்று தாளச் சொற்களைச் சொல்லிக்கொண்டே காலைத் தட்டிப் பழகுவாள். ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டே கையை ஆட்டிப் பார்த்தேன். எட்டு எழுத்து, எட்டு அசைவு. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் கம்பியை வாயடைக்கவும்

இடது கை விரல்களை எல்லாக் கம்பிகள் மேலும் லேசாகப் படுத்து வையுங்கள். அழுத்தவேண்டாம். இப்போது வலது கையால் வருடினால் சுருதி எதுவும் கேட்காது, "சக் சக்" என்று மட்டும் வரும். முதல் இரண்டு மூன்று நாள் இது போதும். கார்டையும் தாளத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் இரண்டும் கெட்டுப்போகும்.

பிக் (கம்பியை வருடும் சிறு தகடு) மெலிதாக இருக்கட்டும், 0.6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழே. தடித்த பிக் தொடங்குபவர் கையில் கம்பியில் மாட்டிக்கொள்ளும். நுனி கொஞ்சமே வெளியே தெரியும்படி பிடியுங்கள். நழுவி விழுந்துவிடும் போல இருக்கிறதா? சரி, அந்த அளவு பிடிதான் வேண்டும். அசைவு மணிக்கட்டிலிருந்து வரவேண்டும், விரலில் ஒட்டிய தண்ணீரை உதறுவது போல. முழங்கை கொஞ்சம் கூடவே ஆடும், அதைத் தடுக்கவேண்டாம்.

கையை நிறுத்தாதீர்கள்

இப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: த க தி மி த க ஜ ணு. முதல் எழுத்துக்குக் கை கீழே, இரண்டாவதுக்கு மேலே, மூன்றாவதுக்குக் கீழே என்று கடைசி வரை மாறி மாறிப் போகும். சீராக 'டிக் டிக்' என்று தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60-ல் வைத்தால் ஒரு 'டிக்'குக்கு இரண்டு எழுத்து வரும். டிக் விழும் இடமெல்லாம் கை கீழே இறங்கும், இரண்டு டிக்குக்கு நடுவில் மேலே ஏறும்.

இது கைக்குப் பழகியபின் செய்யப்போகும் ஒரே மாற்றம், சில இடங்களில் கம்பியைத் தொடாமல் விடுவதுதான். கை வழக்கம்போல ஏறி இறங்கும், கம்பிக்கு முன்னால் காற்றில் போய்விட்டு வரும். ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன் என்பது எதைத் தட்டுகிறோம் என்பதைவிட எதை விடுகிறோம் என்பதுதான்.

முகாமில் அணிவகுத்து நடந்தவர்களுக்கு இது உடனே புரியும். பாட்டுக் கத்திக்கொண்டே போவோம். ஒரு சொல் காலடியோடு விழும், அடுத்தது இரண்டு காலடிக்கு நடுவில் விழும், சில இடத்தில் வாய் சும்மா இருக்கும். கால் மட்டும் நிற்காது. இங்கே வலது கைதான் அந்தக் கால்.

எல்லோரும் கேட்கும் அந்தப் பேட்டர்ன்

நான் மனப்பாடம் செய்து கோட்டை விட்டதும் இதைத்தான். எட்டு எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 'கீ' என்றால் கீழே, 'மே' என்றால் மேலே, கோடு இருந்தால் காற்றில்.

த – கீ
க – கோடு
தி – கீ
மி – மே
த – கோடு
க – மே
ஜ – கீ
ணு – மே

தட்டும் எழுத்துகளை மட்டும் சத்தமாகச் சொன்னால் "த… திமி… கஜணு" என்று வரும். விடும் எழுத்துகளை மனசுக்குள் சொல்லுங்கள். நடுவில் வரும் இரண்டாவது 'த'தான் எல்லோரையும் கவிழ்க்கும் இடம். அங்கே டிக் விழுகிறது, கை கீழே இறங்குகிறது, ஆனால் கம்பியைத் தொடக்கூடாது. பழக்கமில்லாத கை அங்கே தயங்கி நிற்கும், நின்றால் அடுத்த 'க' தாமதமாகும். முழுச் சுற்றும் வேண்டாம், "மி–(த)–க" என்ற அந்த மூன்றை மட்டும் பிரித்து இருபது முப்பது தடவை பழகுங்கள். எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கீழே வரும்போது ஆறு கம்பியும் படலாம். மேலே போகும்போது மெல்லிய மூன்று கம்பி பட்டால் போதும். ஆறையும் இழுக்கப் போனால் ஒலி கரடுமுரடாகும். அப்புறம், 'தி'யையும் 'ஜ'வையும் கொஞ்சம் அழுத்தித் தட்டிப் பாருங்கள். அதே பேட்டர்ன் திடீரென்று ஆட வைக்கும்.

இப்போது கார்ட்

ஈ மைனரில் தொடங்குங்கள். நடு இரண்டு விரல்கள், இரண்டாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் இரண்டாம் கட்டம்), மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் நான்காம் ஐந்தாம் கம்பிகள். வேறெதுவும் இல்லை. இரண்டு சுற்று ஈ மைனர், இரண்டு சுற்று ஜி.

கார்ட் மாற்றும்போது இடது கைக்கு நேரம் வேண்டுமே என்று வலது கையை நிறுத்துவதுதான் பெரிய தப்பு. கடைசி 'ணு' வரும்போதே இடது கையைத் தூக்கிவிடுங்கள், வலது கை வெறும் கம்பியைத் தட்டிவிட்டுப் போகட்டும். அபஸ்வரமாக இருக்காதா? இருக்காது. மேலே போகும் கை தொடும் மெல்லிய மூன்று கம்பிகளும் வெறுமனே ஜி, பி, ஈ என்று ஒலிக்கும். ஈ மைனருக்கு உரிய மூன்று சுரங்களும் அவையேதான். தேர்ந்தவர்களும் இப்படித்தான் வாசிக்கிறார்கள், உற்றுக் கேட்டால் தெரியும். புதிய கார்டில் ஒரு விரல் சேராமல் போனாலும் போகட்டும், முதல் 'த' நேரத்துக்கு விழவேண்டும். தப்பான கார்டைக் கேட்பவர் மன்னிப்பார், நின்றுபோன தாளத்தை மன்னிக்கமாட்டார்.

வேகத்தை 60-லிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். சிக்கினால் பத்து இறங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாப் பாட்டும் எட்டில் அடங்காது. நம் சினிமாப் பாட்டுகள் நிறைய "தகிட தகிட" என்று ஆறில் நடக்கும். அதற்கு இப்போதைக்கு ஆறையும் கீழேயே தட்டி, இரண்டு 'த'வையும் அழுத்தினால் போதும்.

இந்த ஊருக்கு இரண்டு விஷயம்

நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பியில் பிக் உரசும், குற்றம் உங்கள் கை மேல்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

அடுத்தது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவர். வேலை முடிந்து வந்து பழக உட்காரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். பழைய காலுறை ஒன்றை மடித்து, பிரிட்ஜுக்கு (கம்பிகள் கிட்டார் உடலில் முடியும் இடம்) பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகிவிடுங்கள். ஒலி பாதிக்கு மேல் அடங்கிவிடும், "த… திமி… கஜணு" உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும், பக்கத்து வீட்டு ஆண்ட்டி நிம்மதியாகத் தூங்குவார்.