கால்சியம் ஆக்சலேட்: பாலை நிறுத்தினால் கல் நிற்காது

சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்ததுமே பலர் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்ற கணக்கு. பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியமும், பாலக்கீரை போன்ற உணவுகளில் உள்ள ஆக்சலேட்டும் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. அதன் குணம் தெரிந்தால் பாலை நிறுத்த மனம் வராது.

கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்தால் வெள்ளை வீழ்படிவாகிவிடும், அதாவது கரையாமல் திடப்பொருளாகப் பிரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம்தான் கரையும். ஆகவே அவை எங்கே சேர்கின்றன என்பதே முக்கியம். பாலக்கீரையோடு தயிரும் சாப்பிட்டால் பெரும்பகுதி குடலிலேயே சேர்ந்து மலத்தோடு போய்விடும். தயிர் இல்லையென்றால் ஆக்சலேட் கூடுதலாக ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் போய்க் கால்சியத்தைப் பிடிக்கும். இத்தாலியில் திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. உப்பைக் குறைத்ததற்கும் இதில் பங்கு உண்டு. அதை மறந்துவிட வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு கல்லைக் கரைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. புளிப்பான வினிகரில் முட்டை ஓடு கரைகிறதே என்பார்கள், ஆனால் அந்த ஓடு கால்சியம் கார்பனேட். கல்லிலுள்ள கால்சியம் ஆக்சலேட் வினிகரின் அசிட்டிக் அமிலத்துக்கு மசியாது; ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலுவான அமிலம் வேண்டும். எலுமிச்சையின் சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்துவைத்து, புதுக் கல் உருவாவதைத் தடுக்க உதவும். அது பெரிய உதவிதான், ஆனால் இருக்கிற கல் அதனால் கரையாது.

ஆய்வகத்தில் ஒரு கரைசலில் கால்சியம் இருக்கிறதா என்று சோதிக்கும் மாணவர்கள் சறுக்குவதும் இதே இடத்தில்தான். கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிஞ்சியிருக்கும்போதே அம்மோனியம் ஆக்சலேட்டைச் சேர்த்துவிட்டு, வீழ்படிவு வரவில்லை, கால்சியம் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் அம்மோனியா சேர்த்து அமிலத்தை நடுநிலையாக்க வேண்டும்.

சேனைக்கிழங்கு நாக்கில் காறுவதற்கும் கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்கள் காரணம். அவை கிழங்கின் செல்களுக்குள் இருப்பதால் கழுவினால் மட்டும் போகாது. புளி சேர்ப்பது நல்ல வழக்கம், ஆனால் புளியை நம்பி அரைவேக்காட்டில் இறக்காதீர்கள். வெட்டும்முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு குழம்பில் போடுங்கள்.