பாலைவனத்தில் கேமரா முரண்டுபிடித்தால்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாம் மணல்மேடுகளுக்குப் படமெடுக்கச் செல்பவர்கள், கருவி பழுதானால் அங்கேயே தாமாகச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் புறப்படுவது நல்லது. காற்று வீசும் மேட்டில் லென்ஸை ஒருபோதும் மாற்றாதீர்கள். தேவையானதை விடுதி அறையிலேயே பொருத்திக்கொள்ளுங்கள்.

ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். வலிந்து திருப்பினால் மணல் இன்னும் ஆழமாக உள்ளே இறங்கிவிடும். லென்ஸின் முகம் கீழ்நோக்கியிருக்கும்படி பிடித்து, ரப்பர் ப்ளோயரால் (அழுத்தினால் காற்றை ஊதும் குமிழ்) இடுக்குகளில் காற்றடித்து, மென்தூரிகையால் துகள்களைத் தட்டிவிட்ட பின்னரே மெல்லத் திருப்பிப் பாருங்கள். துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். வாயால் ஊதினால் எச்சில் படியும். அப்போதும் வளையம் இறுகியே இருந்தால், அதே குவியத்தூரத்தில், அதாவது அதே ஜூம் நிலையில், விட்டுவிட்டு, முன்னும் பின்னும் நடந்து காட்சியை அமைத்துக்கொள்ளலாம். நான் ஒரு மாலை முழுவதும் அப்படித்தான் படமெடுத்தேன், அவற்றில் பல இன்றும் எனக்குப் பிடித்தவை.

கேமராவினுள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் தூசி படிந்துவிட்டால், லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 16 போலச் சிறிதாக வைத்தால் வானத்தில் கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரியும் என்பதால், எஃப் 4 அல்லது 5.6 போன்ற பெரிய துளையில் எடுங்கள்; புள்ளிகள் பெரும்பாலும் மங்கிவிடும்.

குளிர்கால இரவில் பேட்டரி திடீரெனத் தீர்ந்ததாகக் காட்டினால், அதைக் கழற்றிச் சட்டையின் உட்பையில் சிறிது நேரம் உடற்சூட்டில் வைத்திருங்கள்; மேலும் சில படங்களுக்காவது பெரும்பாலும் அது உதவும்.