ஊருக்குப் போனால் நாற்சார் வீட்டுக் காட்சியகத்துக்கும் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாணம் போகிறவர்கள் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, பிறகு சொந்தக்காரர் வீடுகள் என்று நாட்களை நிரப்பிவிடுகிறார்கள். உங்கள் ஊர்ப்பக்கம், நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய நாற்சார் வீடொன்றில் புழங்குபொருள்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அதற்கும் ஒரு காலைப்பொழுதை விடுங்கள். போகும்போது வயதான ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அம்மம்மாவோ பெரியப்பாவோ யாராக இருந்தாலும் சரி.

நான் அம்மாவோடு போனபோது நீத்துப்பெட்டிக்கு முன்னாலேயே அரை மணித்தியாலம் போய்விட்டது. பிட்டு அவிக்கிற, கூம்பு மாதிரி பனையோலையில் இழைத்த பெட்டிதான். கேட்டு வாங்கி நுனியை விரலால் தடவிப் பார்த்தார், புது ஓலையில் அவிக்கிற பிட்டின் வாசத்தைச் சொன்னார், அப்புறம் தன் தாயாரின் குசினி, கிணற்றடித் துலா என்று கதை போய்க்கொண்டே இருந்தது. உங்களோடு வந்தவரும் இப்படிக் கதை சொல்லத் தொடங்கினால், படம் பிறகு எடுக்கலாம், முதலில் போனில் அவர் குரலைப் பதியுங்கள்.

வாசலில் சங்கடப்படலை இருந்தால் நின்று பாருங்கள். வாசல் கதவான படலைக்கு மேலே சின்னக் கூரை, தெருவில் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காகவே போட்டது. உள்ளே நாலு பக்கமும் விறாந்தை, நடுவில் வானம் பார்த்த முற்றம். கடகம், சுளகு, கூழ் குடிக்கிற பிளா எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் பெயர் சொல்லிக் காட்டுங்கள். ஜாம் போத்தல் விளக்கு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பஞ்சில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெயில் எரிந்த அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை படித்தது.

இப்படியான பொருள்கள் வீடுகளில் ஏன் மிஞ்சவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். போரால் 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே வீடுகளை விட்டு எழுந்து நடந்ததைச் சொல்லுங்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டு சனம் நெருக்கியடித்துக் கடந்த நாவற்குழியில்தான் 2020இல் திறந்த சிவபூமி அரும்பொருட் காட்சியகமும் இருக்கிறது. அது நாற்சார் வீடு இல்லை, ஆனாலும் ஏ9 வீதியில் வரும்போது இறங்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஊர்க் காட்சியகங்களை ஒன்றிரண்டு பேர்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் முதல்நாளே போன் பண்ணிக் கேளுங்கள், பௌர்ணமி விடுமுறையான போயா நாளைத் தவிருங்கள். நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டாலும் உண்டியலில் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், ஓட்டுக்கூரையைப் பராமரிப்பது சின்னச் செலவில்லை.

இன்னொன்று, பழைய ஏட்டுச்சுவடி, விளக்கு என்று வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள்களை அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பூட்டிக்கிடக்கிற உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால் காட்சியகத்துக்கே கொடுங்கள். கொடுக்கும்போது யாருடையது, எந்த ஊர், எதற்குப் பாவித்தது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.