மெயிலில் செஸ்: ஒத்துவரும் எதிராளியைப் பிடிப்பது எப்படி?

முதல் வருடம் மெயில் வழியாக நான் ஆரம்பித்த நான்கு ஆட்டங்களில் மூன்று, 12 நகர்த்தலைத் தாண்டவில்லை. எதிராளிகள் நன்றாக ஆடியவர்கள்தான். திடீரென்று பதில் நின்றுபோனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆள் தேடும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். இப்போது பாதியில் நிற்கும் ஆட்டம் அபூர்வம்.

படி 1. முன்பின் தெரியாதவர்களுக்கு நேரடியாக மெயில் போடாதீர்கள். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் கடித ஆட்டப் பிரிவு (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நாள் கணக்கில் நேரம் எடுத்து ஆடுவது) இருக்கிறது, இலவசம். அங்கே இரண்டு மூன்று பேருடன் ஆடுங்கள். அவர்களுடைய பழைய ஆட்டங்களையும் திறந்து, நேரம் முடிந்து தோற்றவை எத்தனை என்று பாருங்கள். ரேட்டிங்கை விட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தோற்கிற நிலையிலும் ஒழுங்காகப் பதில் போடுகிறவர் கிடைத்தால், மெயிலில் ஆட வருகிறீர்களா என்று கேளுங்கள்.

படி 2. வேகம். நான் சறுக்கிய இடம் இது. 'நகர்த்தலுக்கு 3 நாள்' என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும். 40 நகர்த்தல் போகும் ஆட்டத்தில் இரண்டு பேரும் முழு 3 நாளையும் எடுத்தால் 240 நாள் ஆகிவிடும், அதாவது எட்டு மாதம். தினமும் பதில் எதிர்பார்க்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பலகையைத் திறக்கிறவரும் சேர்ந்தால், ஒருவருக்குச் சலிப்பு, இன்னொருவருக்கு நெருக்கடி. அதனால் 'உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். 'வாரத்தில் எந்தெந்த நாள் உட்கார்ந்து யோசிப்பீர்கள்?' என்று கேளுங்கள்.

கெடுவையும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வைக்காமல் மொத்தமாக வையுங்கள். சர்வதேச கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பான ஐசிசிஎஃப் போட்டிகளில் 10 நகர்த்தலுக்கு 50 நாள் என்ற கணக்கு பல காலமாக உண்டு. தெரிந்த தொடக்க நகர்த்தல்களை அன்றன்றே அனுப்பிவிட்டு, மிச்சமான நாட்களைச் சிக்கலான நிலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3. எஞ்சின், அதாவது நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல், உண்டா இல்லையா என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். ஐசிசிஎஃப்-இல் எஞ்சின் அனுமதி உண்டு. லிச்செஸ் கடித ஆட்டத்தில் கூடாது, ஆனால் தொடக்க ஆட்டப் புத்தகம் பார்க்கலாம். இரண்டு இடத்திலிருந்து வரும் இரண்டு பேரும் தங்கள் பழக்கம்தான் விதி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு எஞ்சின் இல்லாத ஆட்டம்தான் பிடிக்கும். ஒரே நிலையை மூன்று நாள் மனதில் உருட்டுவதற்காகத்தானே இதற்கு வந்தோம்!

படி 4. முழு ஆட்டத்துக்கு முன், ராஜாவும் நான்கைந்து சிப்பாய்களும் மட்டும் உள்ள இறுதியாட்ட நிலை ஒன்றைச் சோதனையாக ஆடுங்கள். சீக்கிரம் முடிந்துவிடும், ஆளின் பழக்கமும் தெரிந்துவிடும்.

படி 5. ஒவ்வொரு மெயிலிலும் முதல் நகர்த்தலிலிருந்து முழுப் பட்டியலையும் எழுதுங்கள். நான் ஐசிசிஎஃப் எண் முறையைப் பயன்படுத்துகிறேன். வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து நெடுவரிசைக்கு 1 முதல் 8, அப்புறம் அந்த நெடுவரிசையில் வெள்ளையின் பக்கத்திலிருந்து கட்டத்தின் எண்; கிளம்பும் கட்டம் முதலில், போய்ச் சேரும் கட்டம் அடுத்து. ராஜாவின் முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

பின்சேர்க்கை: எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டால் என்ன செய்வது என்று படித்தவர்கள் கேட்டார்கள். செல்லாத நகர்த்தல் என்றால் திருத்தி அனுப்பலாம். செல்லுபடியானது என்றால் அனுப்பியது அனுப்பியதுதான், இதையும் முதல் மெயிலில் சேர்த்துவிடுங்கள். 7163 என்பதற்குப் பதில் 7183 என்று போனால், குதிரை பலகை ஓரத்தில்தான் நிற்கும்.