வன்னியில் ஓர் இரவு: முதன்முறை இருவராகப் புறப்படுகிறவர்களுக்கு

திருமணமாகி மூன்றாவது மாதம் நானும் என் கணவரும் முதன்முதலாக வன்னிக்குப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து விடியப் புறப்பட்டு ஒரே நாளில் ஒன்பது இடம் பார்ப்பது என்று தாளில் எழுதி வைத்திருந்தோம். ஏழாவது இடத்துக்குப் போகும்போதே இருட்டிவிட்டது. ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் தார் வீதியின் நடுவில் மாட்டுப் பட்டி ஒன்று படுத்திருந்தது. பகல் முழுவதும் வெயில் குடித்த தார் இரவில் இளஞ்சூடாக இருக்கும். மாடுகள் அதைத் தேடி வந்து படுக்கும். எங்களுக்கு அது தெரியாது. பிறேக் பிடித்த வேகத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இருவருக்கும் முழங்கால் தேய்ந்தது. பிந்திப் போனதால், சொல்லிவைத்த அறையையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம்.

அதன் பிறகு பல தடவை போய்விட்டோம். இப்போது எங்களுக்கு இருப்பது ஒரே ஒழுங்கு: வெயில் ஏறுமுன் ஓட்டம், உச்சி வெயிலில் உறக்கம், பொழுது படுமுன் வாகனத்தை நிறுத்திவிடுவது. வன்னி மண்ணில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் நாளைப் பிரித்துக்கொள்கிறார்கள். நாமும் அந்த நேரக்கணக்குக்குள் போய்விட்டால் பயணம் தானாகவே இளகிவிடும்.

முதற்படி: ஒரு வளையத்தைத் தெரிவுசெய்யுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களையும் சேர்த்து வன்னி என்கிறோம். ஓர் இரவில் அத்தனையும் அடங்காது. மடுவும் திருக்கேதீஸ்வரமும் மன்னார்ப் பக்கம். அவற்றை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வளையத்தைத்தான்: யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம். மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு. அங்கே இரவு. மறுநாள் வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனுக்கு ஏறி வீடு. எல்லாமாகச் சுமார் 250 கிலோமீற்றர். போன வழியால் திரும்ப வேண்டியதில்லை என்பதே இதன் சுகம். வவுனியாவிலிருந்து வருகிறவர்கள் மாங்குளத்தில் இந்த வளையத்துக்குள் நுழைந்து, முறிகண்டியைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

வழியில் ஆளுக்கு ஓர் இடம். உங்களுக்கு ஒன்று, துணைக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. அதற்கு மேல் எழுத வேண்டாம். நான் கேட்பது எப்போதும் குளம்; அவர் கேட்பது கோயில்; கடல் இருவருக்கும் பொது.

இரண்டாம் படி: மாதம்

மாசி, பங்குனி மாதங்களைத்தான் நான் விரும்புவேன். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும். குளங்கள் நிரம்பி வான் பாயும், தாழ்ந்த வீதிகளைத் தண்ணீர் மூடும். மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, காலபோக நெல் அறுத்து முடிகிற பருவம் இது. வீதியோரம் நீளத்துக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சில்லை ஏற்றாதீர்கள். ஒதுங்கிப் போக இடமில்லாவிட்டால் நின்று, நெல் துழாவுகிறவர் கையசைத்த பிறகு போங்கள். அது ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு.

வைகாசிக்குப் பிறகு வெயில் கொளுத்தும், காற்று புழுதியை வாரி இறைக்கும். ஆனாலும் பாலைப்பழம் தின்ன ஆசையிருந்தால் அந்தப் பருவத்தில்தான் போக வேண்டும். மஞ்சளாகச் சிறிதாக இருக்கும் அந்தக் காட்டுப் பழத்தை வீதியோரத்தில் விற்பார்கள். இனிப்பு நாக்கில் பட்ட கையோடு பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பழத்துக்குப் பிறகு இரண்டு உதடும் பசை பூசியதுபோல் ஆகிவிடும். தேங்காயெண்ணெய் சிறிது தடவினால் விட்டுப்போகும்.

வைகாசியில் இரண்டு நாட்களைக் கவனியுங்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலன்று ஊரே மனிதக் கடலாக இருக்கும். வழிபடப் போகலாம், ஓய்வெடுக்க முடியாது. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அந்த வாரம் உல்லாசமாகப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: வாகனமும் அறையும்

மோட்டார் சைக்கிளோ காரோ, எதுவானாலும் முதல் நாளே ரயருக்குக் காற்று, பிறேக், விளக்கு மூன்றையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு இந்த வளையம் முழுவதற்கும் ஆறு லீற்றர் பெற்றோல் போதும். காருக்கு இருபது லீற்றரளவில் எண்ணிக்கொள்ளுங்கள். கிளிநொச்சியில் நிரப்பிவிட்டால் கவலையில்லை. சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பதே வேக எல்லை. ஏ9 நேராக நீண்டு கிடப்பதால் கை தன்னையறியாமல் முறுக்கும். பொலிஸாரும் அங்கேதான் நிற்பார்கள். பின்னால் இருக்கிறவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

அறைக்கு இரண்டு தடவை அழைப்பெடுங்கள்: ஒரு வாரத்துக்கு முன் ஒன்று, புறப்படும் காலையில் ஒன்று. இரண்டாவது அழைப்பில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் அறை பறிபோனது அந்த ஓர் அழைப்பு இல்லாததால்தான். நுளம்பு வலை உண்டா, வாகனத்தை மதிலுக்குள் விடலாமா, இரவுச் சாப்பாடு தருவார்களா என்று கேளுங்கள். சின்ன விடுதிகளில் முன்கூட்டிச் சொன்னால்தான் சமைப்பார்கள். “நண்டுக் கறி வேண்டும்” என்று காலையில் சொல்லிவிட்டால் மாலையில் நல்ல நண்டு வந்திருக்கும். இருவருடைய அடையாள அட்டையும் தேவைப்படும்.

கொண்டுபோவதைக் குறையுங்கள். ஒரு மாற்றுடுப்பு, துவாய், தொப்பி, இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல், கைவிளக்கு, காயத்துக்கு மருந்து, கையில் காசு. கோயிலுக்கு ஏற்ற உடுப்பு ஒன்றை மேலாக வையுங்கள்.

நான்காம் படி: முதல் நாள் காலை

ஐந்தரைக்குள் புறப்படுங்கள். ஆனையிறவில் வெளிச்சம் பரவும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். இரு பக்கமும் பரவைக் கடல், உப்பளம், நடுவில் வீதியும் தண்டவாளமும். ஐந்து நிமிடம் இறங்கி நில்லுங்கள், போதும். இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை: முகமாலைப் பக்கத்திலும் வன்னியின் வேறு சில இடங்களிலும் மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவருகிறது. மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் இறங்க வேண்டாம். சிறுநீர் கழிக்கக் கடையோ பெற்றோல் நிலையமோ வரும்வரை பொறுத்திருங்கள்.

கிளிநொச்சியில் இடியப்பமும் சொதியும் சம்பலும். பிறகு தெற்கே இரணைமடுச் சந்தியில் உள்ளே திரும்பிக் குளக்கட்டுக்கு ஏறுங்கள். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இது. கனகராயன் ஆறு கொண்டுவரும் நீர் இங்கே தேங்கிக் கிளிநொச்சி வயல்களுக்குப் பாய்கிறது. கட்டில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் தண்ணீர் வானத்தோடு முட்டும். மறுபக்கம் திரும்பினால் காலடிக்குக் கீழே வாய்க்காலும் பச்சையும். அந்த உயர வேறுபாட்டைக் கண்ணால் காணும்போதுதான், ஒரு சாண் நீர்மட்டத்துக்காக விவசாயிகள் ஏன் கூட்டம் கூடிப் பேசுகிறார்கள் என்பது விளங்குகிறது. நீர்க்காகம் ஒன்று மூழ்கி எழுந்து, பட்ட மரத்தில் ஏறி, சிறகை விரித்துக் காயவிடும். அது முழுதாகக் காய்ந்து பறக்கும்வரை நாங்கள் ஒருநாள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கட்டில் காரை ஓட்டாமல் நடந்து போங்கள்.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். வீதியோரப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டு போவது வழக்கம். எதிரே வரிசையாகக் கச்சான் கடைகள். குவித்து வைத்திருப்பதை வாங்காமல், சட்டியில் சூட்டோடு கிடப்பதைக் கேளுங்கள். கோதை இரு விரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று உடைய வேண்டும். நசிந்தால் அது பழையது. உள்ளே பருப்பின் சிவந்த தோல் ஊதினாலே பறக்கும்.

ஐந்தாம் படி: காட்டு வீதி

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஏ9இன் இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு, இடையிடையே வயல், ஒரு பெட்டிக்கடை, மறுபடி காடு. இங்கே 50க்கு மேல் போகாதீர்கள். யானை நடமாட்டமும் உண்டு. பகலிலேயே கடந்துவிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். யானை கண்ணில் பட்டால் ஹோர்ன் அடிக்காமல் தூரத்திலேயே நின்று, அது போன பின் நகருங்கள்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். குரக்கன் அறுத்தபின் மிஞ்சிய ஒட்டை, அதாவது அடித்தாளை, சுட்டபோது ஓர் இடம் மட்டும் எரியாமல் நின்றது, அங்கே இலிங்கம் வெளிப்பட்டது, ஊருக்கும் அதனால்தான் இந்தப் பெயர் என்று ஊரவர் சொல்வார்கள். நண்பகலோடு நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன் போங்கள். அருகே கற்சிலைமடுவில்தான், 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31இல் வெள்ளைக்காரத் தளபதி வொன் டிறிபேக் வன்னியின் கடைசி மன்னனான பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் வென்றிருந்தான். அந்தத் தளபதியின் பெயரை இன்று யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. வன்னியன் பெயரில் சிலைகள் நிற்கின்றன.

ஆறாம் படி: ஒன்றும் செய்யாத நேரம்

பன்னிரண்டரைக்குள் அறைக்குப் போய்விடுங்கள். குளியுங்கள், சாப்பிடுங்கள், உறங்குங்கள். புதிதாகப் போகிறவர்கள் தவறவிடுவது இந்த மூன்று மணி நேரத்தைத்தான். வீட்டில் நானும் அவரும் கதைப்பதெல்லாம் கரண்டுக் காசும் சந்தைக் கணக்கும். அங்கே, மின்விசிறி சுழலும் அறையில், எழும்ப வேண்டிய அவசரம் இல்லாதபோதுதான் அவர் தன் தகப்பனைப் பற்றி முதன்முதலாக என்னிடம் முழுதாகக் கதைத்தார்.

நான்கு மணிக்கு வற்றாப்பளை. மதுரையை எரித்த கண்ணகி ஆறாத கோபத்தோடு நந்திக்கடற் கரைக்கு ஒரு கிழவியாக வந்தாளாம். மாடு மேய்த்த சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்களாம். தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கினால் தலையெங்கும் கண்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள், எரிந்தது. இன்றும் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து வந்து அந்த நீரில்தான் விளக்கேற்றுகிறார்கள். கோயிலைக் கும்பிட்டுவிட்டு நந்திக்கடற் கரையில் வெயில் சாயும்வரை இருங்கள். ஆறரைக்குள் திரும்பி, நண்டுக் கறி.

ஏழாம் படி: கடற்கரையும் திரும்பலும்

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கடற்கரைக்கு நடந்து போங்கள். கிழக்குக் கடல், சூரியன் நேரே நீரிலிருந்து எழும். பருவம் சரியாக இருந்தால் கரைவலை இழுப்பார்கள். இரு பக்கமும் கயிற்றைப் பிடித்து, மணலில் குதிகால் புதைய, ஒரு அடி, இன்னொரு அடி. கேட்டுவிட்டுப் பிடித்தால் உங்களையும் இழுக்க விடுவார்கள். வலையின் மடி கரைக்கு வரும்போது நெத்தலியும் சூடையும் வெள்ளித் தூளாகத் துள்ளும். கணுக்கால் நனையும் அளவோடு நில்லுங்கள். திறந்த கடல், அடியில் இழுப்பு உண்டு. 2004 டிசம்பர் 26இல் இந்தக் கடல்தான் இந்த ஊரைத் தூக்கிக்கொண்டு போனது.

எட்டரைக்குப் புறப்பட்டால் வட்டுவாகல் பாலம். மழைக்காலத்தை ஒட்டிப் போவதானால் இந்தப் பாதை திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள். இல்லாவிட்டால் மாங்குளம் வழியாகவே திரும்புங்கள். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், கையில் கிடைத்ததோடு பல்லாயிரக்கணக்கானோர் கடந்த வழி இது. என் கணவரின் சித்தியும் அப்படி வந்தவர். முள்ளிவாய்க்காலில் வாகனத்தை நிறுத்தினால் பாட்டை அணைத்துவிட்டு இறங்குங்கள். நாங்கள் அங்கே படம் எடுப்பதில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பேசாமல் ஏறிவிடுவோம். புதுக்குடியிருப்பு வரும்வரை பேச்சு வராது. அதை வலிந்து கலைக்க வேண்டியதில்லை.

புதுக்குடியிருப்பில் தேநீர். விசுவமடுவுக்கும் பரந்தனுக்கும் இடையில் எங்கேயாவது மண்சட்டியில் எருமைத் தயிர் கிடைத்தால் வாங்குங்கள். சட்டியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள்: தயிர் அசையாமல், விளிம்பில் மட்டும் மெல்லிய நீர் கட்டியிருந்தால் நல்லது. மேலே கட்டியிருக்கும் தாளை அவிழ்க்காமல், ஈரத் துணி சுற்றி, பின்னால் இருக்கிறவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பரந்தனில் ஏ9 ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு. சோற்றுக்கு மேல் அந்தத் தயிர், கொஞ்சம் சர்க்கரை.