வைட்டமின் டி-யை லேபில் சரியாக அளப்பது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

முதல் படி: எதை அளக்கிறோம்?

ஃபார்மில் ‘வைட்டமின் டி’ என்று மட்டும்தான் எழுதி வரும். நாம் அளக்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. கல்லீரலில் உருவாகும் இதன் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம். உடம்பின் கையிருப்பைச் சொல்வது இதுதான். ‘செயல்படும் வடிவம்’ என்ற பெயரில் மயங்கி 1,25-டைஹைட்ராக்ஸியைப் போட்டுவிடாதீர்கள். அது சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். போதாக்குறைக்கு, கையிருப்பு குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, 1,25-ஐ உருவாக்கும் சிறுநீரகத்தை முடுக்கிவிடும். 1,25 நார்மலாகவோ கூடுதலாகவோ வந்து நிற்கும். பற்றாக்குறை உள்ளவருக்கு ‘எல்லாம் சரி’ என்று ரிப்போர்ட் போய்விடும்.

இரண்டாம் படி: சாம்பிள்

இதில் பெரிய தொல்லை இல்லை. சீரம் போதும். பிரித்த சீரம் ஃபிரிட்ஜில் சில நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் உறையவையுங்கள். ஜெல் ட்யூப் (சீரத்தைப் பிரிக்க உள்ளே ஜெல் வைத்த ட்யூப்) உங்கள் முறைக்கு ஒத்துவருமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: புரதத்தின் பிடியை விடுவித்தல்

நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். ரத்தத்தில் உள்ள 25-ஹைட்ராக்ஸியில் 85 சதவீதத்துக்கு மேல் வைட்டமின் டி பிணைப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி ஆல்புமினோடு. தனியாகத் திரிவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஒட்டியதைப் பிரிக்காமல் அளந்தால் என்ன கிடைக்கும்?

எல்சி-எம்எஸ்/எம்எஸ் முறையில் (திரவ குரோமடோகிராஃபியில் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்து அளப்பது) இதை நம் கையாலேயே செய்கிறோம். சீரத்தை எடுத்ததும் முதலில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய இன்டர்னல் ஸ்டாண்டர்டைச் சேருங்கள்; இழப்பைக் கணக்கிட உதவும், அளவு தெரிந்த அதே வைட்டமின்தான் இது. வோர்டெக்ஸ் செய்து கொஞ்ச நேரம் விடுங்கள். அதுவும் போய்ப் புரதத்தில் ஒட்ட வேண்டும். பிறகுதான் அசிட்டோநைட்ரைல் அல்லது மெத்தனால். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் பிரியும். சென்ட்ரிஃபியூஜ் செய்து மேலே தெளிந்ததை எடுங்கள். வரிசையை மாற்றி, புரதம் திரிந்த பிறகு ஸ்டாண்டர்டைச் சேர்த்தால், கட்டிக்குள் சிக்கிய விட்டமினின் இழப்பை அது ஈடுகட்டாது. ரிசல்ட் குறைவாக வரும், ரன் முழுக்க அழகாகவே தெரியும்.

ஆன்டிபாடி வைத்து அளக்கும் இம்யூனோஅஸேயில் இந்த வேலையை மெஷினுக்குள் இருக்கும் ரிலீசிங் ஏஜென்ட் சில நிமிடத்தில் முடித்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பிணைப்புப் புரதம் அதிகம் என்பதால் சில கிட்கள் அங்கே தடுமாறும். வைட்டமின் டி-க்கு டி2, டி3 என்று இரண்டு வடிவம் உண்டு. டி2 மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும் அப்படித்தான்: டி3-யைப் பிடிக்கிற அளவுக்கு டி2-வைப் பிடிக்காத ஆன்டிபாடிகள் உண்டு. கிட் பேப்பரில் கிராஸ் ரியாக்டிவிட்டி (ஆன்டிபாடி எந்தெந்த வடிவத்தை எவ்வளவு பிடிக்கும் என்ற) அட்டவணையைப் படிக்காமல் மெஷினைத் தொடாதீர்கள்.

நான்காம் படி: பிரித்துப் பார்த்தல்

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு டி2, டி3 இரண்டும் வேறு வேறு எடை, சிக்கலில்லை. ஆனால் 3-எபி என்ற இரட்டைப்பிறவி (எபிமர்: ஒரு இடத்தில் மட்டும் அமைப்பு திரும்பிய மூலக்கூறு) 25-ஹைட்ராக்ஸி டி3-யின் அதே எடை. சாதாரண சி18 காலம் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்) இரண்டையும் ஒரே பீக்காகத் தந்துவிடும். பெரியவர்களிடம் இது கொஞ்சம்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கணிசமாக இருக்கும். குழந்தை சாம்பிள் வரும் லேப் என்றால் எபிமரைப் பிரிக்கும் குழாய் வாங்குவதே நல்லது என்பது என் கட்சி.

ஐந்தாம் படி: அளவுகோலைச் சரிபார்த்தல்

அமெரிக்காவின் தேசிய அளவுத்தர நிறுவனமான என்ஐஎஸ்டி தயாரித்த 972ஏ என்ற ஒப்பீட்டுச் சீரத்துக்கு மதிப்புகள் சான்றளிக்கப்பட்டவை. அதன் நான்காம் நிலையில் எபிமரைச் சேர்த்தே தயாரித்திருக்கிறார்கள், உங்கள் பிரிப்புக் குழாய்க்கு நல்ல பரீட்சை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யின் தரச் சான்றுக்கு எல்லை: பயாஸ் (உண்மை மதிப்பிலிருந்து விலகல்) ±5 சதவீதம், சிவி (திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் சிதறல்) 10 சதவீதத்துக்குள். தினசரி க்யூசி (அளவு தெரிந்த சாம்பிளை ஓட்டிப் பார்க்கும் தரச் சோதனை) இரண்டு நிலையிலாவது ஓட்டுங்கள். ஒன்று 20 நானோகிராம்/மி.லி. பக்கம் இருக்கட்டும். டாக்டர் முடிவெடுப்பது அந்த இடத்தில்தான்.

ஆறாம் படி: ரிப்போர்ட்

யூனிட்டைப் பாருங்கள். நானோகிராம்/மி.லி.-யை 2.5-ஆல் பெருக்கினால் நானோமோல்/லிட்டர். 20 நானோகிராம்/மி.லி.-யும் 50 நானோமோல்/லிட்டரும் ஒன்றுதான். யூனிட் எழுதாத 50 யாரையும் குழப்பும்.

எண் நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருந்தால் ஃபோனை எடுங்கள். ஒருமுறை 110 நானோகிராம்/மி.லி. வந்தது. கேட்டால் நோயாளி வைட்டமின் டி மாத்திரையே சாப்பிடவில்லை என்றார். முடிக்கு ஏதாவது? ‘ஆமாம், பயோட்டின்.’ ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை வைத்து இயங்கும் போட்டி முறை அஸேயில் (வைட்டமின் கூடக் கூட சிக்னல் குறையும் வகை) பயோட்டின் மாத்திரை சிக்னலைக் குறைத்து, அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். நிறுத்தச் சொல்லி இரண்டு நாள் கழித்து எடுத்த சாம்பிளில் 24.